செத்துப்போன சுரங்கம் அனுப்பிய செய்தி

ஹில்டாவின் அடையாளக் கார்டில் ஹில்டா என்ற பெயரே கிடையாது. பாப்பா, தகப்பன் பெயர் சூசைநாதன், பிறந்த இடம் சுங்கை சிப்புட் என்றுதான் இருக்கும்.

அவள் பிறந்த மாதம் மாதாகோயில் சாமியார் அந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு வெளியே பெயர் சொல்லக்கூடாது என்பது அவள் அம்மா அந்தோணியம்மாவின் பிடிவாதம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கோ பிறப்பு விவரத்தை உடனே அனுப்பியாக வேண்டும். ஆபீஸ் ஜன்னல் வழியாக, “என்ன பிள்ளை?” என்று கேட்டார். “பொம்பளப் பாப்பாங்க” என்றார் சூசைநாதன். கிராணி பாப்பா என்றே எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஹில்டா என்பது பிறகு ஞானஸ்நானத்தில் வந்த பெயர். அந்தக் காலத்துத் தோட்டங்களில் பாப்பாக்களுக்குப் பஞ்சமே இல்லை. அரசாங்கத்துக்கு ஒரு பெயர், கோயிலுக்கு ஒரு பெயர், குடியிருக்கும் லயத்துக்கு ஒரு பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி எதைக் கூப்பிட்டாலும் அதற்குரிய ஆள் “வந்திருக்கேங்க” என்று குரல் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போய்விடுவார். ஆள் வந்தாரா, பால் வந்ததா என்பதுதான் கணக்கு.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஹில்டாவுக்குச் சிக்கல் ஆரம்பித்தது. ஐந்தாம் படிவச் சோதனைச் சான்றிதழில் பாப்பா. தட்டெழுத்துப் பள்ளிச் சான்றிதழில் ஹில்டா. ஈப்போவில் எந்த ஆபீசில் வேலை கேட்டுப் போய் உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்ப்பார். “இது யார், அது யார்?” என்பார். முதல் இரண்டு இடங்களில் அழுகை வந்தது. மூன்றாவது இடத்தில் கோபம் வந்தது. “ரெண்டும் நான்தான் சார். வேற யாரு வருவா?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் போகச் சொல்லும் முன்பே எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் லகாட் ரோட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சுவாவின் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலாளியான தவுக்கே சுவா சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை. ஒரு பக்கம் தட்டெழுதச் சொன்னார், பிழை இருக்கிறதா என்று பார்த்தார், நாளைக்கு வா என்றார். அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. சில வருஷங்களில் டெலெக்ஸ் இயந்திரம் அவள் பொறுப்புக்கு வந்தது.

டெலெக்ஸ் என்பது தட்டெழுத்து இயந்திரமும் தொலைபேசியும் கலியாணம் செய்துகொண்டது மாதிரி. இங்கே தட்டினால் பினாங்கில் இருக்கும் இயந்திரம் தானாக அடிக்கும். அதில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் ‘நீ யார்?’ என்ற கேள்வி கம்பி வழியே எதிர்முனைக்குப் போகும். அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதிர் இயந்திரம் தன் எண்ணையும் சுருக்கப் பெயரையும் தானே அடித்து அனுப்பும். இதற்கு ஆன்சர்பேக் என்று பெயர். இயந்திரத்தை மாட்டும்போது டெலிகாம்காரர்கள் உள்ளே இருக்கும் ஓர் உருளையில் பற்களை ஒடித்து அந்தப் பெயரைப் பதித்துவிடுவார்கள். எந்தப் பெயர் எந்தக் கம்பெனி என்று பார்த்துக்கொள்ளத் தடித்த டைரக்டரி ஒன்று மேசையில் கிடக்கும்.

எண்பத்தாறில் கம்பெனிக்கு ஓர் அடி விழுந்தது. பினாங்கில் வழக்கமாக வாங்கும் கம்பெனியின் பெயரில் ஒரு செய்தி வந்தது. சரக்கைப் பட்டர்வொர்த்தில் வேறொரு கிடங்கில் இறக்கச் சொன்னது. தலைமைக் கிராணி ஜெயபாலன் கையெழுத்துப் போட்டார், லோரி போனது, சரக்கு காற்றில் கரைந்தது. மறுநாள் ஜெயபாலன் டெலெக்ஸ் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டினார். ஆன்சர்பேக் டைரக்டரியோடு பொருந்தாத எந்த அழைப்பையும் உடனே துண்டிக்க வேண்டும். செய்தியைப் படிக்கவும் கூடாது. கீழே தவுக்கேயின் முத்திரை.

மூன்றாம் நாளே ஒன்று மாட்டியது. காலை நேரம். மணி அடித்தது, இயந்திரம் உயிர் பெற்று அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி. யாரோ ஒற்றை விரலால் தட்டுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து, முதல்தர ஷீட், இன்றைய விலைக்கு... ஹில்டா ‘நீ யார்?’ விசையை அழுத்தினாள். வந்த பெயரை டைரக்டரியில் தேடினாள். காம்பாரில் ஓர் ஈயச் சுரங்கம். ஈய விலை விழுந்தபோது மூடிப்போன சுரங்கம்.

சுவரைப் பார்த்தாள். துண்டித்தாள். மறுநாளும் அதே பெயர் வந்தது, அதே ஒற்றை விரல். மறுநாளும் துண்டித்தாள்.

அதற்கடுத்த நாள் ஒருவர் மோட்டாரை வாசலில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே வந்தார். சட்டைப் பையில் சீப்பு, கையில் ஹெல்மெட், உடம்பெல்லாம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டு வாசனை.

“இங்க டெலெக்ஸ் பாக்குறது யாரு?”

“நான்தாண்ணே.”

“என்னா தங்கச்சி, பேசிக்கிட்டு இருக்கும்போதே மூஞ்சியில கதவ சாத்துறீங்க? அதுவும் ரெண்டு நாளா!”

அவர் பெயர் பத்துமலை. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போன தோட்டத்தில், புகைக்கூடு இருக்கும் துண்டு நிலத்தை அங்கே வேலை செய்த குடும்பங்களே சேர்ந்து வாங்கியிருந்தன. அவர்களுக்குச் செயலாளர் அவர். இவ்வளவு நாளும் ஊரில் சன்னாசி என்ற வியாபாரிக்குத்தான் ஷீட்டைக் கொடுத்துவந்தார்கள். அவன் வைத்ததுதான் விலை. ஈப்போவுக்கு நேராக விற்கிறோம் என்று சுவாவிடம் வந்து கேட்டார்கள். சுவா தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்றிருந்தார். சந்தை திறக்கும் முன் எழுத்தில் செய்தி வர வேண்டும், போனில் சொல்வது செல்லாது. ஒழுங்காக வந்தால் ஒப்பந்தம். வராவிட்டால் பழையபடி சன்னாசி.

“சன்னாசிக்கு ஷீட் மட்டும் போதாது தங்கச்சி. அவனுக்கு அந்தத் துண்டு நெலமே வேணும். நாங்க எப்ப கை தூக்குவோம்னு பாத்துக்கிட்டு இருக்கான்.”

“உங்க மெஷின் காம்பார் சுரங்கம்னு சொல்லுதேண்ணே.”

பத்துமலை தலையில் அடித்துக்கொண்டார். “அது எங்க ஊர்ல ஆ குவான் கெடை மெஷின். ஆணி, பெயிண்ட் விக்கிறவன். சுரங்கம் மூடுனப்ப லைனோட எடுத்துட்டான். பேர் மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து எவ்வளவோ நாளாச்சு, டெலிகாம்காரன் இன்னும் வரல. பேர் சுரங்கத்தோடது. வெரல் என்னுது.”

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் இருந்த தாளைப் பார்த்ததும் அது நின்றது. இரண்டு நாள் அவள் செய்தது என்ன? இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்த அந்த ஆபீஸ்காரர்கள் செய்த அதே வேலை. அவர்களாவது உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். இவள் வாயைத் திறக்கவே விடவில்லை.

“ஆ குவான் கெடை நம்பர் சொல்லுங்கண்ணே” என்றாள். “நாளைக்கு நீங்க கூப்பிட்டா நான் வெட்டிடுவேன். பயப்படாதீங்க, மெஷின விட்டு நகராதீங்க. நான் திருப்பிக் கூப்பிடுவேன்.”

மறுநாள் காலை சுரங்கத்தின் பெயர் வந்தது. வெட்டினாள். பத்துமலை கொடுத்த எண்ணை அவளே சுழற்றினாள். எதிர்முனை எடுத்தது. ‘நீ யார்?’ அதே செத்துப்போன சுரங்கம். அனுப்பு என்று தட்டினாள். ஒற்றை விரல் தட்டத் தொடங்கியது. பெயர் பொய்யானாலும் அந்தப் பெயர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வேறெவனாவது அந்தப் பெயரைத் திருடிக்கொண்டு கூப்பிட்டால், திருப்பிக் கூப்பிடும்போது மாட்டிக்கொள்வான். செய்தியைக் கிழித்தெடுத்து, தலையில் சிவப்பு மையில் எழுதினாள்: பெயர் பொருந்தவில்லை, ஆள் சரி. சுவாவிடம் போகும் விலைத் தாள்களோடு சேர்த்தாள். சுவா அந்த விலைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டார். சிவப்பு மையை அவர் கவனிக்கவில்லை.

இப்படியே சில வாரங்கள் ஓடின. சரக்கும் வந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலை ஜெயபாலன் அன்று வந்த சிவப்பு மைச் செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“யாரக் கேட்டு இத எடுத்தே?”

“அனுப்புனவங்களக் கேட்டுத்தான் சார்.”

“வாயாடாதே. மெஷின் என்னா சொல்லுது? காம்பார் சுரங்கம். மூடுன சுரங்கம். செத்தவன் ரப்பர் விக்கிறானா?”

“உயிரோட இருக்கறவன்தான் விக்கிறான். செத்தவன் பேரு மேல ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்ளோதான். திருப்பிக் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குறேன்.”

“ரூல்னா ரூல்தான்லா, ஹில்டா.”

“ஹில்டாவா? எங்க சார் ஹில்டா?” அவள் கைப்பையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். “பாருங்க. பாப்பான்னு போட்டிருக்கு. உங்க ரூல்படி பாத்தா, நீங்க இப்ப வெறும் நாற்காலிகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க.”

பின்னாலிருந்த தட்டெழுத்துப் பெண் டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயபாலனின் காது சிவந்தது.

“பினாங்கு விஷயத்துல கம்பெனி பட்ட அடி உனக்கு மறந்துபோச்சா?”

“மறக்கல சார். அன்னிக்கி மெஷின் சரியான பேருதான் சொல்லுச்சு. டைரக்டரியில நானே பாத்தேன். அந்த ஆபீஸ் ஆளே அந்த ஆபீஸ் மெஷின்ல உக்காந்து அடிச்சிருக்கான். இந்த ரூல் அன்னிக்கி இருந்திருந்தாலும் நாம அவன உள்ள விட்டிருப்போம். இன்னிக்கி வெளிய நிக்கிறது யாரு? இவங்கதான்.”

ஜெயபாலன் சுவரில் ஒட்டியிருந்த ரூலைப் பார்த்தார். அன்று லோரியை அனுப்பிய கையெழுத்து அவருடையது. அந்தத் தாள் சுவரில் இருக்கும்வரை குற்றம் இயந்திரத்தின் மேல் இருக்கும். அது ஹில்டாவுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கையிலிருந்த செய்தியோடு நேரே தவுக்கேயின் அறைக்குப் போனார்.

சுவா வெளியே வந்தார். மலாயில்தான் பேசுவார், அதுவும் கணக்காக.

“இந்தக் கம்பெனியில் ரூல் போடுவது யார்?”

“தவுக்கேதான்.”

“அப்புறம்?”

“தவுக்கே போட்ட ரூல் திருடனைப் பிடிக்காது. சரக்கு வைத்திருப்பவனைத்தான் துரத்தும்.”

சுவா பல்குச்சியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். ஜெயபாலன் கொடுத்த செய்தியைப் படித்தார். அதில் வழக்கத்தைவிடப் பெரிய அளவு இருந்தது, இரண்டு வாரத்து ஷீட். “இதில் சொன்ன சரக்கு முழுதும் நாளை மதியம் கதவு சாத்துவதற்குள் என் தராசில் ஏற வேண்டும். ஏறினால் உன் வழி. குறைந்தால் நீ வீட்டுக்குப் போ, அவர்களும் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்.”

“ஏறும்” என்றாள் ஹில்டா. சொன்ன கையோடு ஆ குவான் கடைக்குத் தட்டினாள்: முழுச் சரக்கும் நாளை மதியத்துக்குள் இங்கே வர வேண்டும்.

மறுநாள் காலை தொலைபேசி. பத்துமலை.

“தங்கச்சி, லோரி ஹாபிஸ், ஒண்ணுகூட இல்ல. சன்னாசி எல்லா லோரிக்காரன்கிட்டயும் சொல்லி வச்சிட்டான். ஒருத்தனும் வரமாட்டேங்குறான்.”

“அப்ப வரமாட்டீங்களாண்ணே?”

“வரமாட்டோம்னு நான் சொன்னேனா? நீ கதவ மட்டும் சாத்தாம வை.” போன் வைக்கப்பட்டது.

ஹில்டா டெலெக்ஸைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். டோரிஸ் கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிந்தது. ஜெயபாலன் அன்று அடிக்கடி முன்பக்கம் வந்து போனார்.

முதலில் சத்தம்தான் வந்தது. ஈ மொய்ப்பது போல, பிறகு மாவு மில் ஓடுவது போல. லகாட் ரோட்டுக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏதோ சாமி ஊர்வலம் என்று ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வந்தவை மோட்டார்கள். ஒன்றன் பின் ஒன்றாக, பழைய ஹோண்டா கப்புகள். பலவற்றின் பின் சீட்டில் மடித்துக் கட்டிய பழுப்பு ஷீட், கிழிந்த டயர் டியூபால் இறுக்கியது. சிலவற்றில் பின்னால் பெண்கள். ஷீட்டை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, தலைத்துண்டு பறக்க, ஹெல்மெட்டுக்குக் கீழே முகம் தெரியாமல். செம்மோர் வழியாக, லோரிகள் ஹாரன் அடித்து ஒதுக்கித் தள்ள, அப்படியே வந்து சேர்ந்திருந்தார்கள். தெருவெல்லாம் புகைக்கூட்டு வாசனை.

தராசுக்காரப் பையனாக இருந்த ராஜுவுக்கு வேலை புதிது. வாசலில் நின்று, “யாரு சரக்கு இது?” என்று கேட்டான்.

முன்னால் இறங்கிய இருளாயி என்ற பெண் இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தாள். “செத்துப்போன சுரங்கம் வந்திருக்குன்னு உள்ள போய்ச் சொல்லுய்யா. வழியெல்லாம் குழி. இன்னொருவாட்டி செத்துட்டேன்.”

கூட்டம் சிரித்தது. அதன் பிறகு ஒவ்வொரு மோட்டாரும் தராசுக்கு முன் வந்து நிற்கும்போது பின்னாலிருந்தவர்கள் பெரட்டுக் கூப்பிடுவது போலக் கத்தினார்கள். “காம்பார் சுரங்கம்!” ஓட்டிவந்தவர், “வந்திருக்கேங்க!” என்றார். மறுபடி, “காம்பார் சுரங்கம்!” “வந்திருக்கேங்க!” தராசு ஏறிக்கொண்டே போனது.

சுவா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் நெருங்கியது. கடைசி மோட்டாரும் இறக்கியாகிவிட்டது. ஜெயபாலன் தராசு முள்ளைக் குனிந்து பார்த்தார்.

“குறையுது.”

“பிச்சைமுத்துவக் காணோம்” என்றார் பத்துமலை. “எனக்குப் பின்னாலதான் வந்தான். தாசேக் வரைக்கும் கண்ணாடியில பாத்தேன்.”

சாப்பாட்டு நேரம் என்றால் இந்தக் கம்பெனியில் கதவு சாத்தப்படும். அது தவுக்கேயின் அப்பா காலத்து வழக்கம். ராஜு ஜெயபாலனைப் பார்த்தான். ஜெயபாலன் தலையசைத்தார். ராஜு இரும்பு மடக்குக் கதவை இழுத்தான். அது கிறீச்சென்று பாதி வந்து நின்றது. கதவு ஓடும் தண்டவாளத்தில் ஹில்டா நின்றுகொண்டிருந்தாள்.

“தள்ளுங்கக்கா.”

“மாட்டேன்.”

“ஹில்டா, விளையாடாதே” என்றார் ஜெயபாலன்.

“கதவு சாத்துறதுக்குள்ளன்னுதான் தவுக்கே சொன்னாரு. இன்னும் சாத்தலயே. சாத்தணும்னா என்னையும் சேத்து நசுக்கிச் சாத்துங்க.”

“இங்க வேலை செய்யறது நீ. அவங்க இல்ல.”

“இந்த வேலைக்கு வர முந்தி எத்தன ஆபீஸ் வாசல்ல நான் அவங்களா நின்னேன்னு உங்களுக்குத் தெரியாது சார்.”

ராஜு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான். சுவா மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். ஹில்டாவின் முன்னால் நின்றார். அவள் காலை எடுக்கவில்லை. நகர் என்று அவர் சொல்லவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார்.

தெருமுனையில் ஒரு மோட்டார் தெரிந்தது. ஓடவில்லை. பின்சக்கரம் பஞ்சர். பிச்சைமுத்து கைப்பிடியைப் பிடித்து இழுக்க, அவர் மனைவி காளியம்மா பின்னால் ஷீட் கட்டைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெயிலில் இருவர் முகமும் கருத்து மின்னின.

“சாத்திட்டாங்களா?” என்று தூரத்திலிருந்தே கத்தினாள் காளியம்மா.

“ஆள் நிக்குது, வாங்க!” என்று கத்தினாள் ஹில்டா.

அந்தக் கட்டு ஏறியதும் முள் சரியான இடத்துக்கு வந்தது. சுவா தராசைப் பார்க்கவில்லை. மேலே இருந்த ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். குமிழ் இல்லை, கறை இல்லை, தேன் நிறத்தில் வெயில் ஊடுருவியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “பாகுஸ், நல்ல சரக்கு” என்றார். பிறகு ராஜுவைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடு என்றார். மாடிப்படி ஏறும்போது ஜெயபாலனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்பது மறுநாள் காலை தெரிந்தது. ஹில்டா வந்தபோது சுவரில் பழைய தாள் இல்லை, நான்கு மூலையிலும் பசைத் தடம் மட்டும் இருந்தது. ஜெயபாலன் அவள் மேசை ஓரத்தில் நின்றார்.

“உன் வழிய எழுதி ஒட்டச் சொல்றாரு. பேர் பொருந்தலன்னா என்னா செய்யணும்னு. நீயே டைப் பண்ணிடு.”

அவள் உடனே உட்கார்ந்து தட்டினாள். பெயர் பொருந்தாவிட்டால் விரட்டாதே. தெரிந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடு. அதே இயந்திரம் எடுத்தால் வாங்கிக்கொள், தலையில் சிவப்பு மையில் குறித்துவை. எடுக்காவிட்டால் அப்போது துண்டி. பெயர் பொருந்தினாலும் சரக்கை வேறிடத்தில் இறக்கச் சொன்னால் திருப்பிக் கூப்பிடாமல் லோரியை அனுப்பாதே.

கடைசி வரியை ஜெயபாலன் இரண்டு முறை படித்தார். அதை நீக்கச் சொல்லவில்லை.

“கீழ பேர் போடணும்” என்றார். குரலில் பழைய முறுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தது. “எதப் போடப்போறே? ஹில்டாவா, பாப்பாவா? ஐசி கார்டுல உள்ளதுதான் செல்லும். போய் மாத்திக்கிட்டு வந்தா என்னா?”

“எதுக்கு சார் மாத்தணும்? ரெண்டையும் போடுங்க. எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தான் வருவேன். வேற யாரு வருவா?”

அவர் பதில் சொல்லும் முன் இயந்திரத்தின் மணி அடித்தது. ஹில்டா ‘நீ யார்?’ விசையை அழுத்தினாள். காம்பார் சுரங்கம் என்றது இயந்திரம். அவள் வெட்டினாள், ஆ குவான் கடையின் எண்ணைச் சுழற்றினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜெயபாலன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அனுப்பு என்று தட்டினாள்.